ஏழாம் எண் அறைக்கு வந்த இரும்புக் கம்பி

உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் எத்தனை நிமிடம் வருகிறது? ‘வரும்போது வரும், நிற்கும்போது நிற்கும்’ என்று சொல்லி நழுவாதீர்கள். எத்தனை நிமிடம் என்று கேட்கிறேன். தெரியாதல்லவா? நமக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் பலருடைய நாற்காலி ஆடாமல் நிற்கிறது.

தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். பத்தொன்பது ஆண்டுகளாகக் குடிநீர் வாரியத்துக்கு மீட்டர் அளவெடுக்கும் பெண். பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. ‘மீட்டரக்கா’ என்றால் தெருநாய்கூட வாலை ஆட்டும். நாற்பத்தொரு தெருக்கள் அவர் பொறுப்பு. ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைக் குறிக்க வேண்டும். கையில் எப்போதும் ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதன் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால், மண்ணுக்கடியில் எங்கே கசிகிறது என்று கேட்கும்.

மேட்டுத் தெருக்களில் தண்ணீர் நான்கு மணி நேரம் வரும். பள்ளத்துத் தெருக்களில் நாற்பது நிமிடம். ஏன் என்று கேட்டால் வாரியத்தின் பதில், “நீங்க தொட்டிக்கு ரொம்ப தூரம்.” பள்ளத்து மக்களில் பாதிப்பேர் அதைத் தலையெழுத்து என்று நம்பிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். மீட்டரக்கா நம்பவில்லை. தூரம்தான் காரணம் என்றால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் குழாய் பிரியும் முச்சந்தியை ஒட்டியிருக்கும் பள்ளத்தின் முதல் தெருவுக்காவது நிறைய வரவேண்டும். அதற்கும் நாற்பது நிமிடம்தான். மேட்டின் கடைசித் தெரு அதைவிட இரு மடங்கு தூரம். அதற்கு நான்கு மணி நேரம்!

ஒருநாள் பள்ளத்துக்குப் போகும் முச்சந்தி வால்வில் கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். முழுக்கத் திறந்த வால்வு முனகும். முக்கால்வாசி மூடிய வால்வு சீறும். அது சீறியது.

மேலதிகாரியிடம் ஓடினார். “உன் வேலை மீட்டர் பாக்கிறது. வால்வு பக்கம் உனக்கென்ன வேலை?” என்று முடித்துவிட்டார் அவர்.

இந்த நிலையில்தான் ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனமும் மீட்டரக்காவின் சுற்றில் வரும் இடம். அதன் அறிவிப்புப் பலகையில் இப்படி இருந்தது: பத்து மாதம் தங்கி ஆராய ஓர் அறை, ஒரு மேசை, நூலகம், உதவித்தொகை. அலுவலக எழுத்தரிடம் போனார்.

“சார், இதுல பட்டம் வேணும்னு எங்கயும் போடலையே?”

எழுத்தர் நான்கு முறை படித்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “போடலதான்க்கா. பட்டம் இல்லாதவங்க கேப்பாங்கன்னு யாருக்குமே தோணல போல.”

வீட்டில் கணவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு முறைத்தார். “பத்து மாசம் அங்கேயே தங்கணுமா? வீட்ல இருந்து போயிட்டு வந்தா ஆராய்ச்சி ஓடிப்போயிடுமா?”

“வீட்ல இருந்தா என் ஆராய்ச்சி அடுப்படி வரைக்கும்தாங்க வரும்.”

“அப்ப சோறு?”

“காஜா எடுக்கத் தெரியுது, காலர் வைக்கத் தெரியுது. குக்கரை மூட மட்டும் தெரியாதா?”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவர் மறுபடி மிஷினை மிதித்தார். ஆனால் மூன்று வாரம் கழித்து மீட்டரக்கா வால்வுச் சத்தத்தைப் பற்றி விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம் எழுதி முடித்தபோது, அந்தத் தாள்களை வாங்கி ஓரத்தில் நீல நூலால் ஒரே ஓட்டமாகத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அந்த நிறுவனத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. விண்ணப்பங்களைப் பெயரில்லாமல்தான் படிப்பார்கள். வெளியே எண்ணும் முகவரியும் மட்டும்; பெயர்ச் சீட்டு முத்திரையிட்ட உறையில் இருக்கும், நேர்காணலன்றுதான் திறப்பார்கள். எழுபது விண்ணப்பங்களில் நீல நூல் தைத்ததுதான் முதலிடம். ‘பத்தொன்பது ஆண்டுக் களப்பணி’ என்று படித்ததும், எழுதியவர் பழுத்த பேராசிரியராகத்தான் இருக்கவேண்டும் என்று ஐந்து பேர் கொண்ட குழு தானாகவே முடிவு செய்துவிட்டது. கடித உறையில் ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்கள்’ என்று எழுதி, விண்ணப்ப எண்ணும் முகவரியும் போட்டு அனுப்பினார்கள்.

மீட்டரக்கா அந்த உறையைப் பிரிக்கவே இல்லை! வீடு மாறி வந்த தாளைப் பிரிக்கக் கூடாது, சுற்றில் அந்த இடம் வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் அது. நிறுவனம் அவருடைய சுற்றில் கடைசி வாரம். எட்டு நாள் அந்தக் கடிதம் பைக்குள்ளேயே ஊர் சுற்றியது.

ஒன்பதாம் நாள் நிறுவனத்தின் தோட்டத்தில் மீட்டர் பார்த்துவிட்டு, எழுத்தரின் மேசையில் உறையை வைத்தார். “சார், யாரோ பேராசிரியருக்கு வந்தது. எங்க வீட்டுக்குத் தப்பா வந்துடுச்சு.”

எழுத்தர் விண்ணப்ப எண்ணைப் பார்த்தார், உறையைக் கிழித்தார், துள்ளி எழுந்தார். “அக்கா! நீங்கதான்க்கா அந்தப் பேராசிரியர்! நேர்காணல் இன்னிக்கு. பதினோரு மணிக்கு.”

கடிகாரத்தில் பத்து ஐம்பத்தெட்டு.

கைகழுவக்கூட நேரமில்லை. சீருடையோடும் முழங்கைச் சேற்றோடும் கம்பியோடும் உள்ளே நுழைந்தார். குழுவில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “மீட்டர் தோட்டத்துல இருக்கும்மா” என்றார்.

“பாத்துட்டுதான் சார் வரேன். நீல நூல் தச்ச விண்ணப்பம் என்னோடது.”

பெயர் மறைந்திருந்தபோது அதே பதினெட்டுப் பக்கத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள், சேற்றைக் கண்டதும் தோட்டத்துக்கு வழி காட்டினார்கள். படித்தவர்களின் கண்ணில் விழும் புரை இது. வேறென்ன?

“காதால கேட்டு முடிவு சொல்றது ஆய்வு முறை ஆகுமா?” என்றார் அதே ஆள்.

“டாக்டர் ஸ்டெத்தை உங்க நெஞ்சுல வச்சு என்ன சார் பண்றார்?”

நிறுவனத் தலைவி வாய்விட்டுச் சிரித்தார். “வாங்க, கேட்டே பாத்துடலாம்” என்று எழுந்தார். ஐந்து பேரும் தோட்டத்துக்கு இறங்கினார்கள். தலைவி புல்லில் மண்டியிட்டுக் கம்பியில் காதை வைத்தார். மீட்டரக்கா வால்வைத் திருகினார்.

“முனகுது… முனகுது… ஐயோ, சீறுது! சீறுதுங்க!” சின்னப் பிள்ளைபோலக் கத்தினார் அந்த அம்மா. மற்றவர்கள் நான் நீ என்று கம்பியைப் பிடுங்கினார்கள்.

கேள்வி கேட்டவர் மட்டும் விடவில்லை. “ஆனா பட்டம்…?”

“விதியில இருக்கா?” என்று தலைவி எழுத்தரைக் கேட்டார்.

“இல்லீங்க மேடம். நாலு தடவை படிச்சாச்சு.”

மறுநாள் காலை ஏழாம் எண் அறையின் சாவி மீட்டரக்காவின் கையில். விடுப்புத் தர வாரியம் முரண்டு பிடித்தது. தலைவி எழுதிய ஒரே கடிதத்தில் இறங்கி வந்தது. இப்போது அந்த அறையின் சுவர் முழுக்கத் தெருப்படம். சீறும் வால்வுக்குச் சிவப்புப் புள்ளி, முனகும் வால்வுக்குப் பச்சை. மூன்று மாதத்தில் சிவப்பு முப்பத்தாறு. இத்தனையும் பள்ளத்திலேயே இருப்பது தற்செயலா என்று வாரியத்தைக் கேட்டிருக்கிறார். ‘காதில் கேட்டது சாட்சியாகாது’ என்று பதில் வந்திருக்கிறது. சாட்சி நாம்தான்.

ஆகவே, கையில் கடிகாரத்தோடு ஒரு வாரம் உங்கள் குழாய் முன்னால் நில்லுங்கள். தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், தெருப் பெயர், இவ்வளவு போதும். எழுதி ஏழாம் எண் அறைக்கு அனுப்புங்கள். உறையில் ‘மீட்டரக்கா’ என்றே போடுங்கள். பேராசிரியர் என்று போட்டால் பிரிக்க மாட்டார்.