தவிட்டுக்கு வாங்கிய பெயர்

நன்னிலத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலம் பார்க்கும் குப்புசாமி எதையும் எளிதில் நம்புகிறவர் அல்லர். உரமூட்டையைக் கடையிலேயே இன்னொரு முறை எடை போடச் சொல்வார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், வாய்க்காலில் இறங்கிக் காலை நனைத்துப் பார்த்த பிறகுதான் வீடு திரும்புவார். கொட்டுகிற மழையிலும் கையை வெளியே நீட்டிப் பார்க்கிற ஆள் என்று ஊரில் அவரைப் பற்றிக் கேலி உண்டு.

அந்தச் சந்தேகம் அவருக்குப் பெயரோடு வந்தது. அவருக்கு முன்னால் பிறந்த நாலு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. ஐந்தாவதாக இவர் பிறந்ததும், அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் பலரும் செய்ததைத்தான் அவர் அம்மாவும் செய்தாள். பிள்ளையை முறத்தில் கிடத்திக் கொல்லைக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி அதை எடுத்து வந்து, ஒரு படி தவிட்டுக்கு அம்மாவிடமே விற்றாள். குப்பையில் கிடந்த பிள்ளை குப்புசாமி ஆயிற்று. தவிட்டு விலைக்குப் போகிற பிள்ளையை எமன்கூடத் தொடமாட்டான் என்பது கணக்கு. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அன்று நிறைய, அதனால் குப்புசாமிகளும் நிறைய. அவர் வகுப்பிலேயே நெட்டைக் குப்பு ஒருவன், கறுப்புக் குப்பு ஒருவன், இவர் வெறும் குப்பு. இப்போது நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பெயரைக் கத்திக் கூப்பிட்டால் நரைத்த தலைகள்தான் திரும்பும்.

கதை தெரிந்திருந்தும் அம்மாவின் மேல் அவருக்கு ஆறாத மனத்தாங்கல். அவள் ஒருநாள்கூடத் தன்னைத் தூக்கிக் கொஞ்சியதாக நினைவில்லை. யாராவது "புள்ள நல்லா வளந்துட்டானே" என்றால் போதும், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "குப்பையில கெடந்தது. யாருக்கு வேணும் இது?" என்பாள். பரீட்சையில் தேறி வந்தபோதும் அதே பேச்சு. கல்யாணத்தன்று மாலையோடு காலில் விழுந்தபோதும் அதே சுளிப்பு. எமனுக்குப் பயந்துதான் இப்படிப் பேசினாள் என்றால், மீசை முளைத்து மாப்பிள்ளையாக நிற்கிறவனிடமுமா? நிஜமாகவே எங்கிருந்தோ தவிட்டுக்கு வாங்கின பிள்ளைதானோ என்று, சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று தன் மூக்கையும் அம்மாவின் மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த முள் உள்ளேயே இருந்தது.

அதனால்தான் பேரனுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழிவழியாக வரும் முறை. யாருக்கு வேணும் என்று கேட்கப்பட்ட பெயரை ஒருத்தராவது வேண்டுமென்று வைக்கட்டுமே. மகன் பிரபு சிங்கப்பூரில் வேலையாக இருந்தான். மருமகள் மேகலா பிரசவத்துக்காகத் தஞ்சாவூரில் தன் அம்மா வீட்டுக்குப் போனவள். பேரன் பிறந்து மாதக்கணக்காகிவிட்டது, பெயர் வைக்கிற பேச்சையே காணோம். மருத்துவமனையில் ஒரே ஒருமுறை துணிச்சுருளுக்குள் முகம் பார்த்ததோடு சரி. வீடியோவில் காட்டச் சொன்னால், "இப்பத்தான் தூங்கினான் மாமா" என்ற பதில் வரும், கூடவே திரையில் மேலே சுற்றும் மின்விசிறி மட்டும் தெரியும்.

குப்புசாமிக்குப் பொறி தட்டியது. மேகலா என்ஜினீயரிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். குப்புசாமி என்று பிள்ளைக்குப் பெயர் வைக்க அவளுக்குக் கூசும். கம்ப்யூட்டரில் தேடி வாயில் நுழையாத ஒன்றைப் பொறுக்கி வைத்திருப்பாள், தன்னிடம் சொல்லத்தான் நேரம் பார்க்கிறார்கள். சந்தேகத்தோடு நன்னிலத்தில் பேனர் அடிக்கிற முபாரக்கிடம் போய், பெயர் சூட்டு விழாவுக்கு யாராவது ஆர்டர் கொடுத்தார்களா என்று நோட்டம் விட்டார். "இல்லீங்களே, எந்த ஊர்ல விழா?" என்று முபாரக் கேட்டான். அந்த 'இல்லீங்களே'யையும் அவர் நம்பவில்லை.

வீட்டுக்குள்ளேயே இன்னும் மோசம். போன் வந்தால் மனைவி ராஜாத்தி கொல்லைக்கு எழுந்து போனாள். ஒருநாள் கிணற்றடியில் ஒதுங்கி நின்று காது கொடுத்தார்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிடாத மேகலா. தாங்க மாட்டாரு."

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளும் அந்தக் கட்சிதானா? அன்று அவர் ராஜாத்தியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்து தவிடு வந்தது. மாட்டை விற்று ஒரு வருஷமாகிவிட்ட வீட்டில், குதிருக்குப் பின்னால் ஒரு பை தவிடு எதற்கு? கேட்டால், "அங்கிட்டு இங்கிட்டு வேண்டியிருக்கும்" என்று மழுப்பினாள். யார் மாட்டுக்கு எடுத்துக் கொடுக்கிறாள் என்று குடைந்தாரே தவிர, தவிட்டுக்கு வாங்கப்பட்ட அந்த மனிதருக்கே தவிடு எதற்கென்று உறைக்கவில்லை. சந்தேகம் பிடித்தவனுக்குக் கண் அதிகம், பார்வை குறைவு.

வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று ராஜாத்தி கிளம்பினாள். கூடையில் பூ இல்லை, அந்தத் தவிட்டுப் பைதான் இருந்தது. அவள் கும்பகோணம் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்ததும், சம்பந்தி வீட்டுக்குத்தான் என்று புரிந்து, குப்புசாமி அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். கும்பகோணத்தில் மாறி, தஞ்சாவூரில் இறங்கி, சம்பந்தி வீட்டை நெருங்கும்போது உச்சி வெயில். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். கொல்லைப்பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. சந்து வழியாக நேரே அங்கே போனார்.

தென்னை மரத்தடியில் கூட்டி வைத்த சருகுக் குப்பை. அதன்மேல் ஒரு முறம். முறத்தில் அவர் பேரன். பக்கத்தில் ராஜாத்தியும், அடுத்த வீட்டுக் குந்தவையும் நின்றார்கள். சற்றுத் தள்ளி மேகலா, குழந்தைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"எனக்குத் தெரியாம என்ன நடக்குது இங்க?" என்று கத்தினார்.

குழந்தை வீறிட்டிருக்க வேண்டும். வாய் திறந்ததே தவிர, சத்தம் பூனைக்குட்டியின் முனகல் அளவுக்குத்தான் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அடுக்கி வைத்த கேள்விகள் அவருக்கு மறந்துபோயின.

"இதயத்துல ஓட்டை மாமா. புதன்கிழமை சென்னையில ஆபரேஷன்" என்றாள் மேகலா, திரும்பாமலே.

"போன வருஷந்தான் உங்க நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. சொல்ல வேணாம்னு பிரபு காலப் புடிக்காத குறையா கேட்டுக்கிட்டான்" என்று ராஜாத்தி அழுதாள்.

"இதுலல்லாம் எனக்கு நம்பிக்கை உண்டான்னு தெரியல. டாக்டருங்க செய்யறத அவங்க செய்யட்டும்" என்றாள் மேகலா. மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்ற முறையை அப்போதும் அவள் விடவில்லை. "ஆனா நாலு புள்ள போன வீட்டுல நின்ன பேரு அது ஒண்ணுதான் மாமா. அந்தப் பேரைத்தான் வைக்கணும்னு நாந்தான் பிடிவாதமா இருக்கேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. இந்தப் பெயருக்கு வேலை வராமலே இருந்திருக்கக் கூடாதா என்று குப்புசாமிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கணினியில் தேடின ஏதோ ஒரு பெயரோடு பிள்ளை கொழுகொழுவென்று கிடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

குந்தவை குனிந்து முறத்தைத் தூக்கினாள். ராஜாத்தி ஒரு படி தவிட்டை அவள் முந்தானையில் கொட்டினாள். குழந்தை கைக்கு வந்ததும் மேகலாவால் முடியவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு, "என் தங்கமே, என் ராசா" என்று உடைந்தாள்.

"கொஞ்சாத!"

குப்புசாமி போட்ட அதட்டலில் மேகலா திடுக்கிட்டாள். அவர் சட்டென்று குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கினார். ஒரு கோழிக்குஞ்சின் கனம்கூட இல்லை. தென்னை மட்டைகளுக்கு நடுவே யாரோ குனிந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார். தெருமுனை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"குப்பையில கெடந்தது. யாருக்கு வேணும் இது?"

சொல்லும்போது அவர் முகம் சுளித்தது. அம்மாவின் அதே சுளிப்பு. கண்ணீர் வெளியே வராமல் பிடித்து வைக்க முகத்துக்கு வேறு வழி இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.