டுவேன் இல்லாத ஐந்து மணி

டுவேன் மிகல்ஸ்கி வாயைத் திறந்தால் டொலிடோ நகரில் பாதிப் பேர் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்ட காலம் உண்டு. ஃபர்னஸ் எஃப்எம் வானொலியில் பிற்பகல் ராக் இசை நிகழ்ச்சி அவனுடையது. எதிர் மைக்கில் போக்குவரத்தும் வானிலையும் வாசித்தவள் நான். அவன் அழகனும் இல்லை, சாதுவும் இல்லை. குடித்த காபிக் கோப்பையைக் கழுவவே மாட்டான், அதற்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சமா! ஆனால் போனில் யார் வந்தாலும் குரலை வைத்தே பெயர் சொல்லிவிடுவான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கண்ணாடி ஆலையில் ஷிப்ட் முடியும். யாராவது ஒரு தொழிலாளி கார் நிறுத்துமிடத்திலிருந்து எங்களுக்கு போன் செய்து, "நான் வெளிய வந்துட்டேன்!" என்று கத்துவான். அது நேரலையில் போகும். உடனே அங்கே நிற்கும் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கும். டுவேன் ஒரு ராக் பாட்டைப் போட்டுக் கிதாரை அலறவிடுவான்.

பிறகு வேறு மாநிலத்துக் கம்பெனி ஒன்று நிலையத்தை வாங்கியது. முதலில் இரவு நிகழ்ச்சிக்காரனை வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை நிகழ்ச்சி எங்கிருந்தோ வந்தது. அந்த ஆளுக்கு எங்கள் தெருப் பெயர்கள்கூட வாயில் நுழையவில்லை. ஞாயிறன்று உள்ளூர் இசைக்குழுக்கள் வாசித்த நேரமும் காலி. கடைசியில் ஒரு புதன்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லி ஆளுக்கொரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார்கள். விடைபெற்றுக்கொள்ள ஒரு நிமிடம் மைக் கேட்டான் டுவேன். தரவில்லை. வேலை போனவனிடம் எந்த ரேடியோவிலும் மைக்கைத் தரமாட்டார்கள், என்ன பேசித் தொலைப்பானோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலில் காரோடு வந்து நின்றான்.

"ஏறு பெக். ஆலைக்குப் போவோம். அஞ்சு மணிக்கு நான் இல்லன்னா அவங்க சும்மா விடமாட்டாங்க, வேணும்னா வந்து பாரு."

"வேலை போயும் உனக்குக் கொழுப்பு அடங்கல."

"கொழுப்பு இல்ல பெக். அவங்க என் ஆளுங்க."

அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவனிடம் மிச்சம் இருந்தது. அதையும் கெடுப்பானேன் என்று ஏறிக்கொண்டேன்.

ஆலையின் கார் நிறுத்துமிடத்தில், அங்கே பேக்கிங் வேலை பார்க்கும் வெர்னா பிக்கெட் ஷிப்ட் முடிந்து தன் வண்டியின் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோவில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் ஆர்லோ அதே ஆலையில் உலையடியில் வேலை பார்த்தவன், போன குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான்.

"என்னப்பா டுவேன், ஷோ நேரத்துல இங்க என்ன பண்றே?" என்றாள்.

அவன் பதில் சொல்வதற்குள் அவள் ரேடியோவில் அவன் குரலே பேசியது.

"டொலிடோ! மணி அஞ்சு! யாருப்பா லைன்ல?"

கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த பழைய நிகழ்ச்சியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், படுபாவிகள். ஆளைத் துரத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்து வந்ததை நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

"ஆர்லோ பிக்கெட் பேசறேன்! நான் வெளிய வந்துட்டேன்!"

"வீட்டுக்கு ஓடுப்பா ஆர்லோ! வெர்னா காத்துக்கிட்டிருப்பா!"

சுற்றிலும் ஹாரன்கள் வீறிட்டன. ஒரு வண்டிகூட பாக்கி இல்லை. எதிர் வரிசையில், ஆர்லோவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவனே ஹாரனை அழுத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனோடு ஏதோ பேசியபடி வண்டியைக் கிளப்பினான். யார் கத்தியது என்று அவன் காதில் விழவே இல்லை.

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். ரேடியோவைப் பார்த்தாள். பிறகு, எதிரே நின்ற டுவேனைப் பார்த்தாள்.

"டுவேன்... நீயும் செத்துட்டியா?"

"இல்ல வெர்னா. நான்..." குனிந்து அவள் ரேடியோவை அணைத்தான்.

மற்ற வண்டிகளின் ரேடியோக்களில் டுவேன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.