நெட்டைக் கழுத்தனின் வால்

ஏணியின் நான்காம் படியில் நின்று ராட்சதப் பல்லியின் கடைவாய்ப் பல்லைப் பிரஷ்ஷால் தேய்க்கிறாள் பல்லம்மா. "நாப்பது வருஷமா வாயைத் திறந்தே வெச்சிருக்க. ஒரு வார்த்தை பேசினியா? எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன்தான் நீ!"

நெடுஞ்சாலையோர டைனோசர் பூங்காவில் பதினொரு சிமெண்ட் மிருகங்கள். அவற்றைக் கழுவுவது அவள் வேலை. பல்லில் தொடங்குவதால் அந்தப் பெயர். சோப்பு போடமாட்டாள், சாயம் போய்விடும். மூக்குக்குள் குருவி கூடு கட்டியிருந்தால் அந்த மூக்குக்கு மட்டும் விடுமுறை. முதுகில் ஏறும் பிள்ளைகளுக்கு, "இறங்குடா! உன் முதுகுல அது ஏறினா தெரியும்!"

பதினொன்றில் நெட்டைக் கழுத்தனிடம் மட்டும் அவள் வாய் அடங்கிவிடும். ஆறு வருடங்களுக்கு முன் பிரேக் பிடிக்காத லாரியோடு இறக்கத்தில் வந்த அவள் கணவர், அதன் வாலில் மோதித்தான் நின்றார். தாண்டியிருந்தால் பள்ளம். வாலில் இரண்டு முழம் போயிற்று. அவருக்கு நெற்றியில் நாலு தையல். மறுவாரமே அவள் இங்கே வேலை கேட்டு வந்துவிட்டாள்.

போன மாதம் முதலாளி, "மொட்டை வாலு அசிங்கமா இருக்கு. நெட்டையை இடிச்சிட்டா நாலு கார் நிறுத்தலாம்" என்றார்.

பல்லம்மா ஏணியிலிருந்து இறங்கினாள். "ஐயா, முதல்ல எங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்துல தள்ளுங்க. அப்புறம் வந்து இதை இடிங்க."

முதலாளி தலையைச் சொறிந்தார். "மாசக் கடைசிக்குள்ள வாலு முழுசா நிக்கணும். இல்லன்னா இடிச்சிடுவேன், பாத்துக்கோ."

கெடுவின் கடைசி நாள் காலையில் கணவர் மணலும் கம்பியும் இறக்கினார். கொத்தனார் பூசப் பூச, பல்லம்மா நகரவே இல்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படிப் பக்கத்துல உக்காரல நீ" என்றார் கணவர், லாரியில் ஏறிக்கொண்டே.

"காய்ச்சல்னா மட்டும் நீங்க கத்தி ஊரைக் கூட்டுவீங்க. அது வலிச்சாலும் சொல்லாது. போங்க, பிரேக்கைப் பாத்துப் போங்க!"

நாலு மணிக்கு வால் முழுசாயிற்று. "இறுகுற வரைக்கும் மழை மட்டும் படக்கூடாதும்மா" என்று கொத்தனார் கரண்டியைக் கழுவும்போதே அவர் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

பல்லம்மா, மிருகங்களைக் கழுவும்போது போட்டுக்கொள்ளும் தன் மழைக்கோட்டைக் கழற்றி, ஈரச் சிமெண்டின் மேல் அலுங்காமல் போர்த்தினாள்.

"நீங்க நனையறீங்களே!"

"நான் துவட்டினா காஞ்சிடுவேன்" என்றவள் குனிந்து, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குப் போடுவதுபோல், கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.