மகாலில் பெண் பார்த்த கதை

மதுரைக்காரர்கள் மகாலுக்குள் போவது வெளியூர் ஆள் யாராவது வந்தால்தான். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் மகாலின் குவிமாடம் தெரியும், ஆனால் நான் உள்ளே போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. என்னோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் உசிலம்பட்டிக்காரியும் கோச்சடைக்காரியும் நச்சரித்ததால், சனிக்கிழமை மகால், ஞாயிறு ராணி மங்கம்மாள் அரண்மனை என்று ஏற்பாடு செய்தோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி இதை அம்மாவிடம் உளறினேன். என் வாயை என்ன சொல்ல.

"நல்லதாப் போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையும் அங்கயே வரச் சொல்லிடறேன். தூரத்துல இருந்து சும்மா பார்த்துட்டுப் போகட்டும்."

நாங்கள் சௌராஷ்டிராக்காரர்கள். வீட்டுக்குள் எங்கள் மொழிதான், இங்கே தமிழில் எழுதுகிறேன். என் போட்டோவைக் கொடுத்தால் ஊரெல்லாம் சுற்றும் என்பதால் அப்பா யாருக்கும் கொடுக்க மாட்டார். ஜாதகம் பொருந்தியாகிவிட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன். "ஒத்துக்கிட்டாங்க, போதுமா?" என்றாள் அம்மா. எனக்கு அதற்கு மேல் பேச வழியில்லை. ஏற்கெனவே இரண்டு வரனைத் தட்டிவிட்டிருந்தேன்.

காலையில் அம்மா என் தலையில் ஒரு பந்து மல்லிகையை வைத்து அழுத்தினாள். அதுதான் அடையாளமாம்.

தோழிகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கோச்சடைக்காரி மாப்பிள்ளையையே செல்பி எடுக்கக் கூப்பிடுவாள். அவ்வளவு பெரிய மகாலில் எனக்கு மூச்சு முட்டியது. யார் திரும்பினாலும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. சந்தைக்கு ஓட்டி வந்த மாட்டுக்குக்கூடத் தன்னைப் பார்க்க வந்தவன் யாரென்று தெரியும். பூ வாசனையும் வெயிலும் சேர்ந்து தலை விண்விண்ணென்று தெறித்தது.

"என்னடி, மூஞ்சிய இம்புட்டு உர்ருன்னு வச்சிருக்க?" என்றாள் உசிலம்பட்டிக்காரி.

"தலைவலி." பூவைப் பிடுங்கினேன்.

"ஏய், கீழ போட்றாத. எனக்கு வச்சு விடு."

வைத்துவிட்டேன். சத்தியமாக எந்தத் திட்டமும் இல்லை. அவர்கள் இருவரும் படம் எடுக்க முற்றத்துக்கு இறங்கினார்கள். நான் ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூண் அது.

அதே தூணருகே ஓர் அம்மாள், அவர் மகள், மகன் என்று மூன்று பேர் வந்து நின்றார்கள். என்னை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. பஸ்ஸிலும் கடையிலும் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான், சுற்றி நிற்பவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் எங்கள் மொழியில் சத்தமாகவே பேசினார்கள்.

"பூ வச்சிருக்கவதான். களையாத்தான் இருக்கா," என்றார் அம்மாள், முற்றத்தில் நின்ற உசிலம்பட்டிக்காரியைப் பார்த்து.

"வேலையை விடமாட்டேன்னு சொன்னாளாமே?" இது மகள்.

"இப்போதைக்குச் சரின்னு சொல்லியாச்சு. நிச்சயம் முடியட்டும். அப்புறம் எங்க போவா?"

மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "நீ சொன்னா சரிம்மா," என்றான்.

பேச்சு என்னைப் பற்றித்தான். பேசாமல் நகர்ந்துவிடலாம். நகர்ந்தால் அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம். முன்னால் போய் நின்று எங்கள் மொழியிலேயே சொன்னேன்: "அந்தப் பூ என்னோடது. நீங்க பார்க்க வந்த பொண்ணு நான்தான். அப்புறம் எங்க போவான்னு கேட்டீங்களே, திங்கக்கிழமை வேலைக்குப் போவேன்."

நான் படியிறங்கிவிட்டேன்.

"யாருடி அவங்க?" என்றாள் உசிலம்பட்டிக்காரி. விஷயத்தைச் சொன்னதும் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அடிப்பாவி, அப்ப அம்புட்டு நேரமும் என்னையவா பாத்தாய்ங்க?"

நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்விட்டது. பெண் வாயாடியாம், அவர்களுக்கு வேண்டாமாம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னோடு பேசவில்லை. மறுநாள் மங்கம்மாள் அரண்மனைக்கும் நான் போகவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அடுப்படிக்குப் போய், அவர்கள் பேசியதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "அப்புறம் எங்க போவா" என்றதையும் சொன்னேன்.

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோக டிபன் டப்பாவைக் கழுவி வச்சியா?"