நேவியோவின் நாய்களுக்கு மூக்கு போதும்

ரொமான்யா மலைப்பக்கத்தில் நேவியோ வீட்டு நாய்க்குட்டிக்கு இருந்த மவுசு, கல்யாணப் பெண்ணுக்குக்கூடக் கிடையாது. மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளானை மோந்து எடுக்கிற சுருட்டைமுடி நாய்கள் அவை. அந்த மூக்கு வெளியே போய்விடக் கூடாதென்று வேற்று நாயை அண்டவிட மாட்டார் மனிதர். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயேதான் சம்பந்தம்.

கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் தடவி மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம், பரம்பரைக் கண்நோய் இருந்தால் தெரிந்துவிடும் என்று மாட்டு டாக்டர் ஃபாபியோலா வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்தாள். நேவியோ சிரித்துத் தள்ளிவிடுவார்.

“காளான் என்ன கண்ணுக்குத் தெரியவா கெடக்கு, டாக்டரம்மா? என் நாய்ங்களுக்கு மூக்கு போதும்.”

அந்தத் திமிருக்கு வழக்கமும் துணைபோனது. காளான் விளையும் இடத்தை மற்றவன் மோப்பம் பிடித்துவிடுவானே என்று அங்கே எல்லோரும் விடியுமுன்பே காட்டுக்குள் போய்விடுவார்கள். இருட்டில் நாய் தடுமாறினால் யார் கண்டது? அவருடைய செல்ல நாய் சோல்லாவுக்குக் காட்டுப்பாதை காலுக்கே பாடமாகியிருந்தது.

அந்த வசந்தத்தில் பேய்மழை கொட்டி மலை சரிந்தது. மழை விட்டபின் முதல் தடவையாகக் காட்டுக்குப் போனார்கள். பாதை பாதியில் அறுந்து நின்றது. கைவிளக்கு வெளிச்சத்தில் நேவியோ நின்றுவிட்டார். முன்னால் போன சோல்லா நிற்கவில்லை. பழைய பாதை இருந்த இடத்தில் காலை வைத்தாள், அங்கே பாதை இல்லை.

பள்ளத்தில் இறங்கித் தூக்கிவந்தபோது உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபாபியோலா நாயின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள்.

“இதுக்கு ரொம்ப நாளாவே கண்ணு தெரியல, ஐயா.”

சோல்லா அன்றைக்கே போய்விட்டாள். நேவியோ அழுததை ஊர் அப்போதுதான் பார்த்தது. அழுகை ஓய்ந்ததும் வேறு பயம் பிடித்தது. சோல்லாவின் மகள் பிரீனா அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். குட்டிகளுக்குத் தகப்பன் துவோனோ. அவனும் சோல்லா பெற்ற பிள்ளைதான், வளர்ப்பது கூட்டாளி வில்மர். இரண்டையும் சோதிக்கச் சொல்லி நேவியோவே போய் நின்றார். உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று வில்மர் திட்டிக்கொண்டேதான் நாயைப் பிடித்துக் கொடுத்தான்.

குட்டிகள் கண் திறந்த அன்று ஃபாபியோலாவின் போன் வந்தது. பிரீனா, துவோனோ இரண்டுக்குமே தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் அந்தக் கோளாறு இறங்கியிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது என்றாள்.

“குட்டிங்கள்ல ஒண்ணுகூடவா தப்பாது?”

“ஒண்ணும் தப்பாதுங்க, ஐயா.”

போனை வைத்த கையோடு வில்மர் வந்துவிட்டான். முதலில் குட்டியைப் பொறுக்கி எடுக்கும் உரிமை ஆண் நாய்க்காரனுக்குத்தான், அது அங்கத்து முறை. விஷயத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நேவியோ அடுப்போரமாக நின்றார். வில்மர் கூடையிலிருந்து ஒன்றைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

“பாருடா, என்னையே பாக்குது. இத நான் எடுத்துக்கறேன்.”

சொந்தக் கையாலேயே இத்தனை உயிருக்கும் குழி தோண்டிவிட்டேனே என்று நேவியோவின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

“நல்லா பாக்கட்டும், வில்மர். இப்பப் பாத்தாத்தான் உண்டு.”

வில்மர் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“என் துவோனோவுமா?”

நேவியோ ஆமென்று தலையசைத்தார்.