வலப்பக்கத்திலிருந்து ஐந்து சுருள்

கனமூலை ஊரில் ஒரு வியாபாரியின் பழைய வீட்டை இடித்தபோது, அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அவருடைய கிதாபுகளோடு ஒரு மரப்பெட்டியும் என்னிடம் வந்து சேர்ந்தது. உள்ளே வரிசையாக ஐந்து அறைகளில் ஐந்து சிறிய படச் சுருள்கள். அந்தக் காலத்தில் வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக விற்ற ஊமைப்படம், காதல் கதை. பெயர் போட்ட துண்டு அறுந்து போயிருந்தது. எழுத்து வரும் இடங்களையும், வாசிக்கத் தெரியாத பாஷை எதற்கென்று அந்த மனுசன் வெட்டி எறிந்திருந்தார்.

பெயர்பெற்ற படங்கள் எல்லாச் சேகரிப்பாளரிடமும் உண்டு. யாரும் பார்த்திராத படத்துக்குத்தான் எங்கள் ஆட்கள் உயிரை விடுவார்கள். ஆனால் அது முழுசாக இருக்கவேண்டும். என்னுடையதற்கு முடிவு இல்லை. முதல் சுருளில் கலியாணம். ஐந்தாவதில் அவன் கப்பலேறிப் போகிறான், அவள் துறைமுகத்தில் தனியே நிற்கிறாள். அதோடு சரி.

கொழும்பிலிருந்து வந்த சேகரிப்பாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காக்கா, குறைப்படத்த யாரு கணக்கெடுக்கிற?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறாம் சுருளைத் தேடி ஒரு வருடம் மதுரங்குளி, கற்பிட்டி என்று பழைய வீடெல்லாம் ஏறி இறங்கினேன்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கலியாணத்தில் மாப்பிள்ளையின் நெற்றியில் தழும்பு. அடிபடுவதோ மூன்றாம் சுருளில். கப்பலேறும்போது தழும்பே இல்லை. படம் எடுத்தவர்களின் கவனக்குறைவு என்று கொழும்பார் தீர்ப்புச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வழிகாட்டியது என் மனைவி. அந்தக் கிதாபுகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அரபுத்தமிழ்க் கிதாபு வலப்பக்கத்தால தானே திறக்கிற? அந்த மனுசன் பெட்டியையும் அப்பிடித்தானே அடுக்கியிருப்பாரு?"

அரபு ஓதிப் படித்த எனக்கு இது தோன்றவில்லை. படமென்றால் வெள்ளைக்காரன் சாமான் என்று இடப்பக்கத்தால் தொடங்கியிருந்தேன். வெட்கக்கேடு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், கொழும்பாரை அழைத்து, ஜன்னல்களைப் படுக்கைச் சீலையால் மூடி, வலப்பக்கத்திலிருந்து போட்டேன். அவன் கப்பலேறினான். அடிபட்டான். தழும்போடு திரும்பி வந்தான். கடைசியில் கலியாணம்!

கொழும்பார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "முழுசா இருக்கே காக்கா! எனக்குத் தாங்க."

"கண்டுபிடிச்சது அவ. அவக்கிட்டக் கேளுங்க."

மனைவி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "தரமாட்டம் தம்பி. இருங்க, இன்னொருக்காப் போடுவாரு."