முந்தாநாள் என்ன சாப்பிட்ட?

இருளப்பசாமியிடம் நாய்க்குட்டி வாங்கக் கோயம்புத்தூரிலிருந்துகூட ஆள் வரும். மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றபின், ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் நாய் வளர்ப்பதையே தொழிலாக்கிக்கொண்ட மனிதர். வெள்ளைக் குட்டிகளில் ஒன்றிரண்டு செவிடாகப் பிறப்பதுண்டு. அதற்காக ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவார். திரும்பிப் பார்க்காத குட்டியை யார் கேட்டாலும் விற்க மாட்டார். அந்த மட்டில் நியாயஸ்தர்தான். அதே நியாயத்தை வீட்டுப் பெண்ணிடம் காட்டப் போனதுதான் வினை.

அவருடைய அம்மா மாரியாத்தாளுக்கு நாலு வருஷமாக அல்சைமர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், இவர் தங்கை பாலம்மாள் வீட்டில் இருக்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தெருவில் இறங்கிப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது எல்லாம் தங்கைதான். அண்ணன் மாதம் ஒருமுறை பழத்தோடு வருவார், அரை மணி நேரம் இருப்பார், பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

பாலம்மாளின் மகள் வெங்கடேஸ்வரியை அவர் மகன் அழகுராஜாவுக்குக் கட்டுவதென்று வெகுநாளாகப் பேச்சு. இருவருக்கும் சம்மதம். தை மாதம் பேசி முடிக்க உறவுக்காரர்கள் பத்துப் பேர் தங்கை வீட்டில் கூடினார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் இருளப்பசாமி செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். அல்சைமருக்கு வழி விடும் மரபணு ஒன்று ஆண்களைவிடப் பெண்களையே கூடுதலாகப் படுத்துகிறதாம். பாதியிலேயே மூடிவிட்டார். மீதி அவருக்குத் தேவைப்படவில்லை.

வெங்கடேஸ்வரி காபி கொடுத்துக்கொண்டு வந்தாள். "ஏட்டி, முந்தாநாள் ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்றார் இருளப்பசாமி.

மாமா கேலி பண்ணுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

"சிரிக்காத. சொல்லு."

தோசையா, உப்புமாவா? அத்தனை பேர் பார்க்க அவள் தடுமாறி நின்றாள்.

"பாத்தீகளா? இது பொம்பளைக வழியா வார நோவு. இவளுக்கு ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான் நாங்க கை நனைப்போம்."

பாலம்மாள் முகம் செத்துப் போயிற்று. அழகுராஜா "அப்பா" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அப்படி ஒரு வீரன்.

ரத்தம் எடுக்க அவளை மதுரைக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "இவங்க பேத்தி. நீங்க யாரு?" என்றாள்.

"மகன்."

"அப்ப அம்மாகிட்ட அது இருந்தா, இவங்களைவிட உங்களுக்கு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மகன், மகள்னு அது பாக்காது. பொம்பளைங்களுக்கு ஒரு வயசுல, அறுபத்தஞ்சுல இருந்து பத்து வருஷம், ஆபத்து ஆம்பளைங்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான். இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்லை, இல்லாட்டி வராதுன்னும் இல்லை. கல்யாணத்துக்கு இதைப் பாக்கவே வேண்டாம்."

"எனக்கு எடுங்க டாக்டர். மாமாவுக்கும் எடுங்க" என்றாள் வெங்கடேஸ்வரி.

 இருளப்பசாமி சட்டைக் கையைச் சுருட்டினார்.

முடிவு வந்தது. அவளுக்கு இல்லை. அவருக்கு இருந்தது.

நோய் பயத்தைவிட வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது. செவிட்டுக் குட்டி பிறந்தால் தாயையும் தகப்பனையும் சேர்த்தே சோதிக்கிறவர் அவர். ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்று, ஊர் பார்க்கத் தட்டைத் தட்டியிருக்கிறார். தானும் அதே தாய் வயிற்றில் பிறந்தவன் என்பது அப்போது நினைவில் இல்லை. நாலு நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தார். ஐந்தாம் நாள் பழம்கூட வாங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்.

வெங்கடேஸ்வரி அம்மாச்சிக்குக் குழைந்த சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. அது எனக்குத்தான் இருக்கு. தேதி குறிச்சிருவோம்."

அவள் கிழவியின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மாமா, முந்தாநாள் ராத்திரி என்ன சாப்பிட்டீக?"

வாயைத் திறந்தார். சப்பாத்தியா? இட்லியா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"யாருக்கும் ஞாபகம் இருக்காது மாமா. அன்னைக்கு எனக்கும் அம்புட்டுத்தான். அத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக. அந்த வீட்டுக்கு நான் வரல."

"செத்த சும்மா இருட்டி" என்று அடுப்படியிலிருந்து பாலம்மாள் காபியோடு வந்தாள். அண்ணன் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அவ சொன்னது சொன்னதுதான், அதை என்னால மாத்த முடியாது. ஆனா நீங்க அந்தக் காயிதத்தை நெனச்சுப் பயந்துக்கிடாதீகண்ணே. அப்படி ஏதும் வந்தா இங்க வந்துருங்க. அம்மாவைப் பாக்குத மாதிரி உங்களையும் பாத்துக்கிடுதேன்."

நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெங்கடேஸ்வரி கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, அம்மாவுக்கு ஒரு வாய் கொண்டுபோனார். பழகாத கை. அம்மா வாயைத் திறக்கவில்லை.